அசகிரி பிரபுவின் பிள்ளை போல

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கெஞ்சிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இதில் நள்ளிரவு கிடையாது, கல்லறை கிடையாது. கியோட்டோவில், பிப்ரவரி மாதம், மதியம் மூன்றே கால் மணிக்கு, நல்ல வெளிச்சத்தில் நடந்தது. நான் குடித்திருந்தது ஒரே ஒரு வாய் அரிசி மது. அந்த ஒரு வாய்தான் கதையே.

என் அப்பா யசுஜி. கியோட்டோவுக்கு வடக்கே, கடலோர மைசுரு துறைமுகத்தில் மீன் பெட்டி சுமக்கிறவர். அம்மா நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டாள். குளிப்பாட்டியது, தலை பின்னியது, சட்டம் படிக்க அனுப்பியது எல்லாம் அந்த ஒரே ஆள். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

நான் கட்டிக்கொள்ள இருந்த மொத்தோஹிசா, கிரினோகோஜி வீட்டுப் பிள்ளை. பல நூறு வருடங்கள் அரசவையில் உட்கார்ந்தே தேய்ந்த குடும்பம். இப்போது பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. வழக்கம் மட்டும் இருக்கிறது. மீன் பெட்டி சுமக்கிறவர் மகள் நேராக அந்த வீட்டு மருமகளாகிவிட முடியாது. முதலில் வேறொரு பிரபு அவளைத் 'தன் பிள்ளை போல' ஏற்க வேண்டும். எனக்காக அவர்கள் எடுத்து வைத்திருந்தவர் அசகிரி பிரபு. பேரரசரின் ஆலோசகராக இருந்தவர். பிள்ளை இல்லாமல் இறந்தவர். இறந்து இருநூறு வருடம்.

"செத்தவரா என்னைத் தத்து எடுக்கப்போறார்?" என்று கேட்டேன்.

"தத்து இல்லீங்க. பிள்ளை போல. போலதான்," என்றார் மொத்தோஹிசாவின் அம்மா சுமியே. "எவ்வளவு கணீர்னு பேசறீங்க. கடல் காத்துல வளர்ந்தா நெஞ்சு நல்லா விரியும்ல."

கியோட்டோக்காரர்கள் பாராட்டினால் அறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மொத்தோஹிசா தரையைப் பார்த்தான். அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பிரபுவைப் பற்றியும், ஒரு வாய் மது குடிக்கும் சடங்கைப் பற்றியும் அப்பாவிடம் போனில் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பிரபுவா? பரவால்லையே, என்னைவிட நல்ல அப்பனாத்தான் பிடிச்சிருக்காங்க."

"மாட்டேன்னு சொல்லிடவாப்பா?"

"ஒரு வாய் குடிச்சா நீ என் பொண்ணு இல்லைன்னு ஆயிடுமா? குடிச்சிட்டு வா புள்ள. ஓசிதானே."

சட்டம் படித்த எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. யார் யாருக்குப் பிள்ளை என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் குடும்பப் பதிவில் யாரும் கை வைக்கப் போவதில்லை. செல்லாத சடங்கு.

மரத்தரை போட்ட அறை. குறுக்கே ஒரு மூங்கில் திரை. திரைக்குப் பின்னால் ஒரு மெத்தை. அதில் யாரும் இல்லை. திரையை நானே தூக்கிப் பார்த்தேன். சுமியே ஆவி பறக்கும் மதுவைக் கிண்ணத்தில் நிரப்பித் திரைக்கு அடியில் தள்ளினார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து, மிச்சத்தைக் குடிங்க. ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க."

"யார் கேட்பா?"

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கிண்ணத்தை வெளியே இழுத்தேன். பாதிதான் இருந்தது. சிந்தியிருக்கும் என்று தரையைத் தடவினேன். ஈரமில்லை. கொதிக்கக் கொதிக்கப் போன மது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

எரிச்சலில் ஒரே வாயாகக் குடித்தேன். துரு வாசம். அந்தக் காலத்துப் பிரபுக்கள் இரும்புச் சாயத்தால் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சர்ர்... பட்டுத் துணி தரையில் இழுபடும் சத்தம். திரைக்கு உள்ளே.

எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை.

"யாரோட பொண்ணும்மா நீ?"

வயதான ஆண் குரல். மிரட்டவில்லை. அவ்வளவு பாசம் அதில். அதுதான் என்னைக் கொன்றது.

"மைசுரு யசுஜியோட பொண்ணு."

திரை மெதுவாக என் பக்கம் உப்பியது. அடங்கியது. மூச்சு விடுவது போல.

"யாரோட பொண்ணும்மா நீ?"

"மைசுரு..."

அதற்கு மேல் வரவில்லை. முகம் தெரிந்தது. தலை பின்னிய விரல்கள் தெரிந்தன. பெயர்... இல்லை.

"நான் உங்க பிள்ளை போல. போலதான். சட்டப்படி இது செல்லாது."

"போல வேண்டாம்மா. எனக்கு யாருமே இல்ல."

திரை மேலே எழுந்தது. ஒரு விரல் அளவு...

"யாரோட பொண்ணும்மா நீ?"

பல்லைக் கடித்தேன்.

வாய் தானாகத் திறந்தது.

"உங்க பொண்ணு."

கதவு திறந்த சத்தம் கேட்டது. கால்களுக்கு உயிர் வந்தது. வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். செல்போனில் 'அப்பா' என்றிருந்த எண்ணை அழுத்தினேன்.

"யாருங்க?"

"நான்தான்பா. சிகுசா."

"தப்பான நம்பரும்மா."

"விளையாடாதீங்கப்பா."

மெதுவாகக் கேட்டார். "குரல் நடுங்குதே. ஏதாவது ஆபத்தாம்மா? உங்க அப்பாவுக்குப் போன் பண்ணு, ஓடி வருவார்."

அன்று மாலையே ரயிலில் மைசுரு போனேன். டீ போட்டுக் கொடுத்தார். 'நீங்க' என்றார். குடும்பப் பதிவைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பொண்ணு இல்லையேம்மா." பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, 'இவளை வளர்த்ததே நீதானய்யா' என்று அவரிடம் சத்தம் போட்டார்கள். பாவம், அவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் அவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். கல்யாணத்தை நிறுத்தினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் கிரினோகோஜி வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "இதை அழிங்க. எப்படியாவது அழிங்க."

சுமியே அமைதியாகச் சொன்னார். "எனக்கும் வேற அப்பா ஒருத்தர் இருந்தாராம். பின்வாசலுக்குத் தோஃபு கொண்டு வர்ற பெரியவர்தானாம். என் வீட்டுக்காரர் சாகும்போது சொன்னார். தினமும் அவர்கிட்டதான் வாங்கறேன். நல்ல மனுஷர்."

"தெரிஞ்சுமா என்னை உள்ள அனுப்புனீங்க?"

"அப்பா தனியா இருக்கார். எனக்குத் தங்கச்சியா இன்னொரு பொண்ணு வேணும்னு கேட்டார். பெத்தவர் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

சுமியே எந்த அப்பாவைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேலே மைசுருக்காரரின் பெயரை எழுதிய இடங்களில் எல்லாம், குடும்பப் பதிவைப் பார்த்துத்தான் எழுதினேன். தாளை மடித்தால் அந்தப் பெயர் போய்விடுகிறது.