தட்டின் அடியில் இருந்த எண்

எட்டு வருடங்களுக்கு முன், மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிரியல் துறைத் தலைவராக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி திருவாதவூர்க்காரி. அவள் அப்பா விவசாயி. கை நடுக்க நோய் வந்து மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டவர். மூளை நரம்புகளில் ஒரு புரதம் கட்டிக்கொண்டு செல்களைக் கொல்லும் நோய் அது. அந்த மனிதப் புரதத்தை ஈஸ்ட்டுக்குள் செலுத்தினால் ஈஸ்ட்டும் செத்துப்போகும். அதைக் காப்பாற்றும் மரபணு எது என்று தேடுவதுதான் அவள் வேலை. "மூளையே இல்லாததுக்கு மூளை நோயா?" என்று முதலில் நானே கேலி செய்தேன்.

ஒருமுறை அவள் அப்பா கல்லூரிக்கு வந்திருந்தார். "பன்னு உப்ப வைக்கிற பொடியில எனக்கு வைத்தியம் பாக்குதாம் சார் எம் மக. அம்புட்டுப் படிப்பு!" என்று சிரித்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் பாதி சட்டையில் சிந்தியது.

ஈஸ்ட் வளர்க்கும் மூடி போட்ட சிறு தட்டுகள், மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் நோய்ப் புரதம் ஏற்றிய ஈஸ்ட். கூடவே தட்டுக்கு ஒரு கொத்தாக வெவ்வேறு மரபணுக்கள். எல்லாம் செத்து, தட்டு வெறுமையாகத்தான் கிடக்கும். எங்காவது ஒரு புள்ளி வளர்ந்தால் அங்கே காப்பாற்றும் மரபணு இருக்கலாம். தட்டுகளை வளர்ப்புப் பெட்டியான இன்குபேட்டரில் வைத்த அன்றே, அப்பா கீழே விழுந்துவிட்டார் என்று போன் வர, அவள் ஊருக்கு ஓடினாள்.

நான்காம் நாள் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. காலையில் நானே ஆய்வகத்தை ஒழுங்கு செய்தேன். இன்குபேட்டரைத் திறந்தால் அடுக்கடுக்காகக் காலித் தட்டுகள். ஒன்றில் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். கிருமி விழுந்து கெட்டுப்போன தட்டு என்று நினைத்தேன். குழுவின் கண்ணில் பட்டால் மானம் போகும். அத்தனையையும் பையில் கட்டி, கழிவுகளை அவிக்கும் ஆட்டோகிளேவில் போட்டேன். ஆய்வக உதவியாளர் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மாணவி வந்தாள்.

"தட்டெல்லாம் எங்க சார்? ஏதாச்சும் வளந்திருந்துச்சா? ஒரே ஒரு புள்ளி வந்தாக்கூடப் போதும் சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "குழு வந்த அன்னைக்குக் காலையில பாத்தேன்மா, எல்லாமே காலி. அப்புறம் அந்தம்மா சுத்தம் பண்ணுறப்ப எடுத்திருப்பாங்க."

உதவியாளர் அம்மா என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஆமா தாயி, கூட்டம் வருதுங்கிற அவசரத்துல பாக்காமப் போட்டுட்டேன். என்னைய வஞ்சுக்க" என்றார். அவள் வையவில்லை. எல்லாமே காலிதான் என்று நம்பி அந்தத் தேடலையே கைவிட்டாள். வேறு சிறிய கேள்வியை எடுத்துக்கொண்டு பட்டம் வாங்கினாள்.

போன வருடம் அவள் அப்பா இறந்த செய்தி வந்தது. அதன்பின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. முதலில் வாடிப்பட்டியில் இருந்த உதவியாளர் அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்கா சார் இந்த வெயில்ல பஸ் ஏறி வந்தீக? காப்பியக் குடிங்க" என்றவர், நான் கிளம்பும்போது, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தப் புள்ளகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றார்.

திருவாதவூரில் துக்கம் கேட்டுவிட்டு, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"எத்தன புள்ளி சார்?"

"ரெண்டு."

"எந்தத் தட்டு? அடியில நம்பர் எழுதியிருப்பேனே. அந்த மரபணுக் கொத்தெல்லாம் இன்னமும் ஃப்ரீசர்ல இருக்கு சார். நாப்பதையும் திரும்பப் போட இனி என்னால முடியாது, நம்பர் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

மூடி மாறிப்போகும், எண்ணைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அன்று தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து போனாள்.

அந்தப் புள்ளிகள் வெறும் கிருமியாகவும் இருந்திருக்கலாம். அப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொள்ளும் உரிமையும் எனக்கில்லை. அவை என்ன என்று பார்க்கும் உரிமை அவளுடையதாக இருந்தது, அதை நான் மானத்துக்குப் பயந்து அவித்துக் கொட்டிவிட்டேன்.