தலவாக்கலையில் ஒரு வெள்ளைத் துணி

கந்தப்பளையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறேன். தலவாக்கலை மண்டபத்தில் பல தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து எங்கள் கதையைப் படமாக வரைகிறார்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. ஒருத்தி அதில் படுத்தால், சுற்றிலும் கரியால் கோடு இழுத்து, கொழுந்து எடுக்கிறவளை ஆளுயரத்துக்கு வரைந்துவிடலாமாம்.

யாரும் படுக்கவில்லை, வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். கடைசியில், எங்களுக்கு உதவ வந்திருக்கும் டவுன் டீச்சர், "நான் படுக்கட்டுமா?" என்கிறார். நல்லவர்தான். ஆனால் கொழுந்துக் கூடைக் கயிறு அவர் தலையில் ஏறியதே இல்லை. படத்தில் எங்களில் ஒருத்திதான் இருக்க வேண்டும். கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுக்கிறேன். பழக்கத்தில் ஒருக்களித்து முழங்காலை மடக்கிக்கொள்கிறேன்.

கோடு இழுக்கக் கரியோடு நிற்கும் உள்ளூர்க்காரி சரோஜா சிரிக்கிறாள். "என்னக்கா, இது என்ன நம்ம லயத்து ஒத்தக் காம்பராவா, நெருக்கிப் படுக்க? பக்கத்துல புள்ளைங்க யாரும் படுக்கல. நல்லா நீட்டிப் படுங்க."

மல்லாந்து, கொழுந்து எடுக்கிற மாதிரி இரண்டு கைகளையும் விரிக்கிறேன். வலது கை துணியைத் தாண்டித் தரைக்குப் போய்விடுகிறது.

"கைய மட்டும் கொஞ்சம் மடக்குங்கக்கா. துணி பத்தல."

"மடக்க மாட்டேன் தங்கச்சி. இன்னொரு துண்டு சேத்துத் தைங்க."

சரோஜா கரியைக் கீழே வைக்கிறாள். பிறகு ஊசி தேடுகிறாள். தைத்து முடிக்கும்வரை நான் கையை எடுக்காமல் கிடக்கிறேன்.