கற்பூரத்தட்டில் புஷ்பம் வைத்த கை

இலங்கையில் எஹலியகொடப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் புஷ்பத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் ஓட்டுப் போடத் தொடங்கிய காலம் முதல், அந்த வாய் ஒரு நாள் மட்டும் அடங்கிப் போகும். தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் தோட்டத் தலைவர் பாலசுப்பிரமணியம் கற்பூரத்தட்டை நீட்டுவார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் ஒவ்வொருவராக நெருப்பின் மேல் கைவைத்து, அவர் சொல்லும் சின்னத்துக்கே போடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். சாமியைக் காட்டி ஓட்டு வாங்குகிற அக்கிரமம் வேறெங்கு நடக்கும்?

இந்த முறை அவள் கையில், கொழும்பில் வேலை செய்யும் மகள் ஷாமிளா அனுப்பிய போன் இருந்தது. அதிலிருக்கும் ஏஐயிடம் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்லும். லயம் முழுக்க அந்தப் போன் பேச்சுத்தான். முதலில் வாக்குச்சாவடி எங்கே என்று கேட்டாள். தப்பான பாடசாலையைச் சொன்னது. வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒனக்கும் எல்லாம் தெரியாது போல" என்று அதட்டினாள். யாருக்குப் போடலாம் என்று கேட்டதற்கு, வீடு, காணி, சம்பளம் பற்றி ஒவ்வொரு கட்சியும் சொன்னதை எடுத்துச் சொல்லி, முடிவு உங்களுடையது என்றது.

"சரி, நான் யாருக்குப் போட்டேன்னு தலைவருக்குத் தெரிய வருமா?"

"வராது. வாக்கு இரகசியமானது. இன்னாருக்குப் போடு என்று யாரும் உங்களை மிரட்டினால் அது குற்றம்."

"கற்பூரத்துல சத்தியம் பண்ணிட்டா?"

"சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. சாமி விசயத்தில் நான் எதுவும் சொல்ல முடியாது."

அங்கேதான் அவளுக்கு மனசு இடித்தது. பொய்ச் சத்தியம் செய்ய அவளால் ஆகாது. சத்தியமே செய்யாவிட்டால் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வராது. தகரம் யாருக்கு என்று முடிவு செய்கிறவர் தலைவர்தான். "பேசாம கைய வச்சிட்டு வா" என்றார் புருசன் மூக்கையா.

வெள்ளிக்கிழமை தட்டு அவளிடம் வந்தது. புஷ்பம் கையை வைத்தாள்.

"மாரியாத்தா சாட்சியா சொல்றேன். நான் யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு உசிரே போனாலும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

தலைவரின் முகம் சுண்டிப்போனது. "என்னா புஷ்பம், போனு சொல்லிக் குடுத்துச்சா?"

"போனு சட்டத்த சொல்லுச்சுங்க தலைவரே. சத்தியம் என்னோடது."

பின்னால் நின்ற பிரேமலதா தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதே சத்தியத்தைச் செய்தாள். அவளுக்கு அடுத்தவளும் அதையே செய்தாள்.

தகரம் வரவில்லை. மழை பெய்தால் இன்னும் சட்டிதான் வைக்கிறாள். யாருக்குத்தான் போட்டாய் என்று மூக்கையா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன், கேக்காதீங்க" என்கிறாள் புஷ்பம், நிறைந்த சட்டியை வாசலில் கொட்டியபடி.