கேட்டில் நிற்பவன் பாக்கெட்

செல்வக்குமார் 'வேண்டாம்' என்று சொல்லிக் கேட்டவர்கள் திருத்தங்கலில் யாருமில்லை. பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வந்தாலும் மறுக்காமல் வாங்குவான், வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பான். கூட்டாளிகள் சேர்ந்தார்கள் என்று கல்லூரியில் சேர்ந்தான், அவர்கள் நின்றார்கள் என்று நின்றான். இருபத்து மூன்று வயதில் தங்கமான பிள்ளை என்று பெயர். தங்கத்தைத்தான் யாரும் வளைத்துவிடலாமே.

இப்படிப்பட்டவனைப் பிடித்து ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில் சோதனை வேலைக்குப் போட்டிருந்தார்கள். காலையில் வேன்கள் வந்து நிற்கும். ஆண்களை இவனும் பெண்களைப் பாண்டிலட்சுமியும் தடவிப் பார்த்து உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒன்றரை வருஷத்தில் அவன் ஒருத்தரைக்கூட மறித்ததில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. நெருப்பின் மேல் பயம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. போனைத் தட்டில் வைத்துவிட்டு அவர்களே கையைத் தூக்கி நிற்பார்கள்.

அதே கம்பெனியில் லோடு ஏற்றும் மணிகண்டராஜ் அவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. பெங்களூருக்குப் போனவன் திரும்பும்போது ஒரு வேப், அதாவது பேட்டரியில் ஓடும் மின் சிகரெட், வாங்கி வந்தான். விற்கத் தடை என்று தெரிந்தேதான் வாங்கினான்.

"ஏலே, இது சிகரெட் இல்லலே. நெருப்பே கிடையாது, வெறும் ஆவி. மாம்பழ வாசம் பாரு."

பட்டாசுக்காரனிடம் நெருப்பில்லை என்று சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதியை அருள்பிரகாஷ் போக்கினான். மூன்றாவது கூட்டாளியான அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனே வாங்கி இழுத்தான் என்றால் அப்புறம் என்ன? செல்வக்குமாருக்கு முதல் இழுப்பில் இருமல், இரண்டாவதில் தலைசுற்றல். ஆனாலும் டீக்கடைக்குப் பின்னால் மற்ற இருவரும் ஊதும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே மாதத்தில் அவனுக்கும் சொந்தமாக ஒன்று வந்து பேண்ட் பாக்கெட்டில் குடியேறியது. வேலைக்கும் கூடவே வந்தது. எல்லார் பாக்கெட்டையும் பார்ப்பவன் பாக்கெட்டை யார் பார்ப்பது? அவனே பார்க்கவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலை. பாண்டிலட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன தம்பி, புரட்டாசில மாம்பழ வாசம் அடிக்கு?"

அப்போதுதான் செல்வக்குமாருக்குத் தொடை சுட்டது. பாக்கெட்டுக்குள் பொத்தான் அழுந்தி வேப் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்தான், கையில் பிடிக்க முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் வெடிமருந்து கலக்கும் அறை. கேட்டோரம் தொங்கிய சிவப்பு வாளியின் மணலுக்குள் அதைப் புதைத்துவிட்டு நின்றான்.

பாண்டிலட்சுமி சத்தம் போடவில்லை. "உள்ள என் தங்கச்சி இருக்கா தம்பி" என்றாள், அவ்வளவுதான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வேறு யாரும் பார்க்கவில்லை. மறைத்திருக்கலாம். ஆனால் நேரே ஃபோர்மேனிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னான். வாங்கிய வசவுக்கு அளவில்லை. மூன்று நாள் வேலை கிடையாது. நான்காம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள். இனிமேல் வேன் வருவதற்கு முன்னால் பாண்டிலட்சுமியிடம் அவன் பாக்கெட்டை உருவிக் காட்ட வேண்டும்.

காட்டினான். அதற்குள் வேனும் வந்தது. வரிசையில் மணிகண்டராஜ் கண்ணடித்தபடி நின்றான். கைலி மடிப்பில் சின்னதாக ஒரு புடைப்பு.

"எடுலே."

"ஏலே, நாம கூட்டாளிலே."

வரிசையே பார்த்தது. இவனை விட்டால் வேலை போகும். அதைவிட, உள்ளே அம்புட்டுப் பேர் இருக்கிறார்கள். மறித்தால் பத்து வருஷச் சிநேகிதம் போகும். செல்வக்குமார் தட்டை நீட்டினான்.

"வேண்டாம்லே. இதோட உள்ள போவேண்டாம்."

சொல் வந்தேவிட்டது. மணிகண்டராஜ் அதைத் தட்டில் விட்டெறிந்துவிட்டு முகம் பார்க்காமல் போனான்.

அன்று பகல் முழுக்கச் செல்வக்குமாருக்கு அதே நினைப்புதான். சாயங்காலம், வருவது வரட்டும் என்று டீக்கடைக்குப் போனான். இரண்டு பேரும் இருந்தார்கள். மணிகண்டராஜ் உர்ரென்று உட்கார்ந்திருந்தாலும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். கேட்டில் நடந்ததைக் கேட்ட அருள்பிரகாஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அடிக்க மாட்டீகன்னா ஒண்ணு சொல்லுதேன். நாலு மாசமா நான் உள்ள இழுக்கதே இல்ல. வாயில வச்சு சும்மா ஊதுதேன். வேண்டாம்னா நீங்க சேத்துக்க மாட்டீகளோன்னு பயம்."

மணிகண்டராஜ் அவனை முறைத்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "நர்ஸே இழுக்கானேன்னுதானலே நான் இத்தன நாளும் தைரியமா இழுத்தேன்!"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மணிகண்டராஜ் வடைத் தட்டைச் செல்வக்குமார் பக்கம் தள்ளினான்.

"வேண்டாம்லே, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றான் செல்வக்குமார்.

"சரிலே" என்று சொல்லிவிட்டு மணிகண்டராஜே அதை எடுத்துத் தின்றான்.