இறங்கிக்கொண்டே போன சுவர்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளை அந்தத் தெருவே வேன் அக்கா என்றுதான் கூப்பிடும். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற வேனுக்கு, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை கட்ட ஆசைப்பட்டாள். அஸ்திவாரம் போட்ட கொத்தனார் "நாளைக்கு வரேன்க்கா" என்று போனவர் போனவர்தான். கொத்துக்கரண்டியைத் தானே கையில் எடுத்தாள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து கலவை குழைப்பாள். மறுபடி வேன் எடுக்கும்வரை செங்கல் வைப்பாள். அன்று பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பியவள், வேனை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பளவு எழுப்பியிருந்த சுவர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. இடிந்த மாதிரியும் இல்லை. எடுத்த கற்களை யாரோ ஈரக் கலவை சுரண்டி, துடைத்து, ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"என்னங்க, சுவர்ல கை வச்சீங்களா?"

இரவுக் காவல் வேலைக்குப் போகிற கணவர் பகலில் கும்பகர்ணன். "கனவுலகூட நான் கல்லு தூக்கினதில்ல" என்றார்.

"அப்போ திருடனா?"

"திருடன்னா கல்லைக் கொண்டுபோவான். இவன் துடைச்சு வச்சுட்டுல்ல போயிருக்கான்!"

மறுநாளும் அதே கதை. தான் எழுப்பினதே அவ்வளவுதானோ என்று தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வைக்கவே வரல. எடுக்கவா வரப்போறேன்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் பள்ளி சீக்கிரமே விட்டுவிட்டது. திரும்பி வந்தால், சுவர் ஓரம் குந்தியிருந்தான் அடுத்த வீட்டு அண்ணன். கூடப்பிறந்தவன்தான். ஆனால் அப்பா இறந்த வாரத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முதல் வார்த்தையை யார் விட்டது என்பது இப்போது அவளுக்கே குழப்பம். டைல்ஸ் பதிக்கிற அண்ணன், அவள் வைத்த கல்லைப் பூப்போலப் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?" வாய் முந்திக்கொண்டது.

அவன் திரும்பவில்லை. "உன் சுவர் என் பக்கம் சாயுது."

"அதை வந்து சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே."

அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"இடிக்கறதுக்கு மட்டும் பேச்சு வேணாமா?"

"இடிக்கல. இறக்கினேன்." நூலில் கட்டிய தூக்குக்குண்டைச் சுவரோடு தொங்கவிட்டுக் காட்டினான். நூல் ஒரு வழி, கல் ஒரு வழி.

"உன் வீட்டு மேல விழுந்துடும்னு பயமா? இல்ல என் மேல அக்கறையா?"

"கலவை காயுது. கல்லை எடு."

எடுத்துக் கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று அப்புறம்தான் யோசித்தாள்.

அதிலிருந்து வேலை இல்லாத நாட்களில் வந்தான். பேச்சு முழுக்கச் சுவரைப் பற்றித்தான். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அண்ணே, அன்னிக்கு அப்பா விஷயத்துல…" என்று ஆரம்பித்தாள்.

"அந்தக் கல்லு மட்டமில்ல. திருப்பி வை."

திருப்பி வைத்தாள். எப்படியோ சுவர் நேராக எழுந்தது, தகரக் கூரையும் ஏறியது. அவள் வேனைப் பின்னால் எடுக்க, அவன் "வா, வா, போதும்" என்று கைகாட்டினான். பிறகு குழாயில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

"ராசியாயிட்டீங்களா?" என்றார் கணவர்.

"தெரியலைங்க. சுவர் முடிஞ்சுபோச்சு. இனிமே எதுக்கு வருவான்னும் தெரியல."

நாலைந்து நாள் அவன் தலையே காட்டவில்லை. மீந்த செங்கல் கொல்லையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, துணி துவைக்கிற இடத்தருகே சும்மா அடுக்கிப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் அண்ணன் வந்து நின்றான்.

"என்ன கட்டறே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணாம எப்படி நூல் பிடிக்கறது?" என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.