தகனினியில் போட்ட மிளகாய்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொண்டே கேளுங்கள், எனக்கு ஒன்றும் கோபமில்லை, போன அக்டோபர் வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான். திருச்சியில் கல்லூரி விடுதியில் படித்தபோது, பேய் இருக்கிறது என்று மற்ற பெண்கள் காலி செய்துவிட்டு ஓடிய அறையை, ஜன்னல் பெரிதாக இருக்கிறதே என்று வார்டனிடம் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான். இரண்டு வருஷம் அதில் நன்றாகத் தூங்கினேன். இப்போது கடல் தாண்டி வந்த இந்த ஊரில், பென்ரோஸ் பக்கம் ஒரு குடோனில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. எட்டு மணிக்கு வரவேண்டிய லாரி ஏன் ஒன்பதுக்கு வந்தது என்று நாள் முழுக்கக் காரணம் கேட்டுக் கேட்டு, காரணமில்லாமல் உலகத்தில் எதுவுமே நடக்காது என்று உறுதியாக நம்புகிறவள். என் கணவர் செந்தில் என்னைவிட மோசம். வீடுகளுக்குப் புகை அலாரம் மாட்டுகிற வேலை அவருக்கு, எதைச் சொன்னாலும் ஏணி போட்டு ஏறித் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

தகனினியில் இருக்கும் இப்படிப்பட்ட எங்கள் வீட்டில்தான் அது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு.

எங்கள் பெண்கள் குழு சின்னது, பன்னிரண்டு பேர். கார் ஓட்ட முடியாத வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஒரு பழைய வேன் வைத்திருக்கிறோம். அதற்கு வருஷா வருஷம் ஏதாவது செலவு வந்துவிடும், நாங்களும் வருஷா வருஷம் தோசை சுட்டு விற்போம். போன வருஷம் எனக்குத் தோசைக்கல்லைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. "இந்தத் தடவை சூனியக்காரி பார்ட்டி வைப்போம், பெரியவங்களுக்கு மட்டும், பிள்ளைங்களை அப்பாக்கள் தலையில கட்டிடுவோம்" என்று நான்தான் வாயை விட்டேன். ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வரவேண்டும், வருகிறவர்கள் எல்லாம் சூனியக்காரி வேஷத்தில் வரவேண்டும், கராஜ்தான் மண்டபம், உண்டியல் வாசலில்.

ஊரே திரண்டு வந்தது. கறுப்புச் சுடிதார், கறுப்புப் பட்டுப்புடவை, அதன் மேல் கூம்புத் தொப்பி. கையில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் துடைப்பம், ஏனென்றால் நம் ஊர் தென்னந்துடைப்பத்தை ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பிரியாணி அண்டாவில் பீட்ரூட் ரசம் கொதித்தது, நகத்துக்குப் பதிலாக முந்திரி வைத்து விரல் மாதிரி வடை சுட்டிருந்தேன். செந்தில் அன்று காலையில் கராஜ் கூரையில் ஒரு புகை அலாரம் மாட்டினார். "அம்பது சூனியக்காரிங்க ஒரே எடத்துல, நான் ரிஸ்க் எடுக்கமாட்டேன்" என்றார்.

எல்லாம் அமர்க்களமாக இருந்தது, ஒரே ஒரு குறைதான். மைக் பிடிக்க ஆளில்லை.

முந்தைய வருஷங்களில் அது துஷியின் வேலை. துஷி யாழ்ப்பாணத்துக்காரி, நகரத்தின் மறுகோடியில் நியூ லின்னில் வீடு, என் உயிர்த் தோழி. அவள் குரல் கணீரென்று இருக்கும், மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டாள். அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறும் போட்டது. ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் டாக்டரைப் பார்க்கும்போது போனில் இருந்தபடி மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை. பிப்ரவரியில் ஒருநாள் காலையில் எழுந்தாள், குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பயிற்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாசம் கிசுகிசுவென்றே பேசினாள். வேலையில் அவளுக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள், திரும்ப வரமுடியுமா என்று அந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார்கள். பார்ட்டிக்கு வந்தவள் என் காதருகே, "ரேவதி, நான் வரேலாது எண்டு எழுதிக் குடுக்கப் போறன்" என்றாள். போய் வடை சாப்பிடு என்று அதட்டிவிட்டு வந்தேன், வேறென்ன சொல்வது.

பார்ட்டியில் ஆளுக்கொரு விளையாட்டு நடத்தவேண்டும். என்னுடையது திருஷ்டிக் கடை. உண்டியலில் போடுகிறவர்களுக்குத் திருஷ்டி சுற்றிப்போடுவேன். கராஜ் வாசலில் கேஸ் அடுப்பு, அதன் மேல் இரும்புச் சட்டி. கல்லுப்பு, கடுகு, காய்ந்த மிளகாய் மூன்றையும் கைக்குள் மூடி, ஆளைக் கிழக்கே பார்க்க நிறுத்தி மூன்று சுற்று, "தூ தூ தூ" என்று துப்பவைத்துச் சட்டியில் போடவேண்டும். உங்களுக்கே தெரியும், மிளகாய் நெடி ஏறி எல்லோரும் இருமினால் திருஷ்டி இல்லை, நெடியே வரவில்லை என்றால் பலமான திருஷ்டி என்பது கணக்கு.

ஜெயா என்று ஈப்போவிலிருந்து வந்த, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் தோழி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "இதெல்லாம் வெளையாட்டுக்கு செய்யக்கூடாது-லா, ரேவதி" என்றாள். "வேற வேலை இல்லையா ஜெயா" என்றேன்.

முதல் ஆளுக்குப் போட்டதுமே கராஜ் முழுக்க நெடி, செந்திலின் அலாரம் வீல் என்று கத்த, தொப்பியெல்லாம் சரிய, இருமிக்கொண்டே சிரிப்பு. அலாரத்தை அணைத்தோம். அடுத்த ஆள், மறுபடி நெடி, மறுபடி அலாரம், மறுபடி சிரிப்பு. வரிசை நீண்டுகொண்டே போனது. ஆறேழு பேருக்குப் பிறகு துஷியைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

மூன்று சுற்று சுற்றினேன். அவள் துப்பினாள். சட்டியில் போட்டேன். உப்பு படபடவென்று பொரிந்தது, மிளகாய் என் கண்முன்னால் கறுத்தது, புகைகூட வந்தது. நெடி வரவில்லை. ஒருத்தர்கூட இருமவில்லை, அலாரம் வாயைத் திறக்கவில்லை.

காற்று திசை மாறியிருக்கும் என்றேன். மிளகாய் நமுத்திருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். சோதித்துவிடலாம் என்று அதே பாக்கெட்டிலிருந்து எடுத்து ஜெயாவுக்குச் சுற்றிப் போட்டேன், பாவம், ரோடு வரைக்கும் ஓடிப்போய் இருமிவிட்டு வந்தாள், அலாரம் தொண்டை கிழியக் கத்தியது. திரும்ப துஷிக்கு. ஒன்றுமில்லை. சட்டிக்கு மேல் முகத்தை நீட்டி மோந்து பார்த்தேன், வெந்நீர் ஆவி மாதிரி இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கோ கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள், அந்த மிளகாய்மேலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தோழி எட்டு மாசமாக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், இது வேறு விளையாட்டுக் காட்டுகிறதா என்று பாக்கெட்டில் மிச்சமிருந்த அத்தனையையும் இரண்டு கையாலும் அள்ளினேன். "பென்ரோஸ் கண்ணு, தகனினி கண்ணு, நியூ லின் கண்ணு, வந்த கண்ணு, வராத கண்ணு, எவ கண்ணா இருந்தாலும் இன்னியோட தொலைஞ்சு போகட்டும்" என்று கூம்புத் தொப்பியோடு கத்திக்கொண்டே சுற்றிச் சட்டியில் கொட்டினேன். அவ்வளவு மிளகாய்க்குத் தெருவே காலியாகியிருக்க வேண்டும். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் துஷியின் போன் அடித்தது.

அவள் கணவர் குகன். எட்டு மாசமாக அவர் துஷிக்குப் போன் செய்ததே இல்லை, அவளால் பேச முடியாது என்று மெசேஜ்தான் அனுப்புவார். அதனால் துஷி பயந்துபோய் போனை என்னிடம் நீட்டினாள். நான் ஸ்பீக்கரில் போட்டு, ரேவதி பேசுகிறேன் என்றேன்.

குகன் இருமிக்கொண்டே கத்தினார். "ரேவதி, துஷி அடுப்பில என்னவும் வச்சிட்டு வந்தவவோ எண்டு கேளுங்கோ! வீடு முழுக்க மிளகாய் நெடி, கண் திறக்கேலாமல் கிடக்கு, அலாரம் கத்துது!"

பின்னால் அலாரம் அலறுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தகனினியிலிருந்து நியூ லின்னுக்கு மோட்டார்வேயில் வண்டி ஓடினாலே அரைமணி நேரம் ஆகும், கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஐயோ, நான் அடுப்பையே மூட்டேல்லையப்பா! சன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ! இஞ்சேருங்கோ, வெளியில வாங்கோ முதல்ல!"

கராஜே அதிர்கிற மாதிரி ஒரு குரல். நான்கூட யார் இவ்வளவு சத்தம் போடுவது என்று எரிச்சலோடு திரும்பினேன். துஷி. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, கண் பிதுங்க நின்றாள். அந்தப் பக்கம் குகனின் இருமல் நின்றுபோனது. "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

நான் அழுதேன். ஐம்பது சூனியக்காரிகளும் அழுதார்கள், எல்லோருடைய மையும் வழிந்து அப்போதுதான் நிஜமான சூனியக்காரிகள் மாதிரி இருந்தோம். துஷி மைக்கைப் பிடுங்கினாள், ஐந்தரை மணி வரைக்கும் கீழே வைக்கவில்லை. பணம் நிரம்பி வழிந்த உண்டியலை மூட முடியாமல் செந்தில் அதன் மேல் ஒரு துடைப்பத்தைப் படுக்கவைத்தார்.

அதிர்ச்சியில் குரல் திரும்புவது உண்டாம், டாக்டரே பிற்பாடு சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் காரணம்தான் வேண்டும். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே நானும் செந்திலும் துஷியை நியூ லின்னில் கொண்டுபோய் விட்டோம். குகன் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து வாசலில் நின்றார். அலாரம் பத்து நிமிஷம் நிற்காமல் கத்தியதாம், பக்கத்து வீட்டுக்காரர் தீ என்று நினைத்துத் தோட்டக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அடுப்பு சில்லென்று இருந்தது. திரைச்சீலையில் முகத்தை வைத்தேன், நன்றாக இருமினேன். செந்தில் வழக்கம்போல நாற்காலி போட்டு ஏறி அலாரத்தைக் கழற்றினார். பின்மூடியைத் திறந்தவர் அதைக் குகனிடம் நீட்டினார்.

"பேட்டரி எங்க?" என்றார்.

"அதையோ? பொரிக்கேக்க எல்லாம் கத்துது எண்டு நான்தான் கழட்டிப்போட்டன்," என்றார் குகன். "மாசி மாசம். துஷிக்குக் குரல் போன அதே கிழமை." கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம்.

செந்தில் வண்டியில் இருந்த புது அலாரம் ஒன்றை மாட்டிவிட்டு, பழையதை வீட்டுக்கு எடுத்து வந்தார். ஒரு வாரம் திருகித் திருகிப் பார்த்தார். உள்ளே மின்சாரம் கொஞ்சம் தங்கியிருந்தால் ஒரு கீச் வரலாம், பத்து நிமிஷம் வராது, அதுவும் எட்டு மாசம் கழித்து வரவே வராது என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அதை என் சூனியக்காரித் தொப்பிக்குள் போட்டு கராஜ் அலமாரியில் வைத்தேன்.

துஷி வேலைக்குத் திரும்பிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, இந்த ஜூன் வரைக்கும்.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை, மழை என்று கராஜுக்குள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொப்பிக்குள்ளிருந்து ஒரு கீச். ஒரே ஒரு தடவை. உள்ளே ஓடிப்போய் துஷிக்குப் போன் போட்டேன், குகன்தான் எடுத்தார். "காலமை எழும்பினா, குரல் இல்லை. சளியாத்தான் இருக்கும்," என்றார், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லாத மாதிரி. நான் செந்திலைப் பார்த்தேன். ஈரப்பதம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகச் சமையலறைக்குப் போய் உப்பு, கடுகு, மிளகாய் பாக்கெட் மூன்றையும் எடுத்துக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

நம்பினால் நம்புங்கள், துஷிக்கு அன்று சுற்றிப்போட்டது செந்தில்தான். சுற்றத் தெரியாமல் இடமும் வலமுமாகச் சுற்றினார். அவர்கள் அடுப்பிலேயே போட்டோம். நெடி வரவில்லை, துஷியின் குரலும் வரவில்லை. காற்றாக ஏதோ சொல்லி எங்களைத் தேற்றி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து செந்தில் ரிமோட்டை அழுத்தினார். கராஜ் கதவு பாதிகூட மேலே ஏறவில்லை, இரண்டு பேரும் இரும ஆரம்பித்தோம். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளே தொங்கிய துணியெல்லாம் மிளகாய் நெடி. இருமி முடிப்பதற்குள் என் போன் அடித்தது. துஷிதான், மெசேஜ் இல்லை, போன்.

அந்தத் துணிகளை நான் மூன்று தடவை துவைத்தேன். பழைய அலாரம் இன்னும் அதே தொப்பிக்குள்தான் இருக்கிறது. இந்த அக்டோபர் பார்ட்டிக்கு எனக்கு அந்தத் தொப்பி வேண்டும், ஆனால் இதுவரை நான் அதை எடுக்கவில்லை, எடுத்துக் கொடுங்கள் என்று செந்திலிடமும் கேட்கவில்லை.