வெள்ளை நாடா கட்டிய கைகள்

‘வேண்டாம்’ என்பதை விற்றுப் பிழைப்பதைப் போலச் சிரமமான வியாபாரம் வேறில்லை. மிக்ஸி விற்கிறவர் ஓட்டிக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? ஹெல்மெட் போடு, சர்க்கரையைக் குறை என்று ஊருக்கு நல்லது சொல்லி வாய் வலிக்கத் திரியும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

வெளிநாட்டு வேலையை விட்டு மும்பை திரும்பிய எனக்கு, தமிழும் இங்கிலீஷும் படித்தவன் என்பதற்காகத் தாராவியில் ஒரு சபை இந்த வேலையைக் கொடுத்தது. எய்ட்ஸ் வராமலிருக்க, கல்யாணம்வரை அடக்கம், அப்புறம் கட்டிய துணையோடு மட்டும். நான் கூட்டம் சேர்ப்பேன், பாஸ்டர் பேசுவார், சத்தியம் செய்தவர்களின் மணிக்கட்டில் சபைப் பெண் மெர்சி வெள்ளை நாடா கட்டுவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளுக்கு விக்ரோலியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். டேனியல், அவனும் நாடா கட்டியவன்தான். நிச்சயத்துக்கு முன்னால் இருவரும் ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மெர்சி சொன்ன நாளிலிருந்து, சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அவள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு மாத உறுப்பினர்

தோல் பட்டறை மாடியில் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், இவர்கள் இங்கே. பாஸ்டர் அடக்கத்தின் மேன்மையை விளக்கி வியர்வையைத் துடைத்ததும், பை தைக்கிற ஒருவர் எழுந்தார். “பாஸ்டர், வருசத்துல பதினோரு மாசம் நான் உங்க கட்சிதான். கோயில் கொடைக்கு ஊருக்குப் போற ஒரு மாசம் மட்டும் என்னைய விட்டுருங்க!”

ஒரே மேடை

அடுத்து, மும்மதக் கூட்டம். கோயில் கமிட்டித் தலைவர், இமாம், எங்கள் பாஸ்டர், மூவரும் ஒரே சோபாவில். ஒருவர் பேச மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை. நாற்காலி போட இடம் கொடுத்த பட்டறை முதலாளி பாய் என் காதோரம் குனிந்தார். “ஸ்பீக்கர் சத்தத்துக்குச் சண்ட போடுத மூணு பேரும், இளவட்டம் சும்மா கெடக்கணும்னதும் ஒண்ணாயிட்டாவ, பாத்தியளா?”

மாட்டுங்கா வேண்டுதல்

மாட்டுங்காவில் கூட்டம் முடிந்ததும் ஒரு மாமி கையை நீட்டினாள், நாடா கட்டச் சொல்லி. அறுபதைத் தாண்டியவள். “உங்களுக்கு எதுக்கு மாமி?” என்றேன். பையன் பெங்களூரில் தனியாக இருக்கிறானாம். அவனே வந்துதான் சத்தியம் செய்ய வேண்டும் என்று நான் சொன்னது அவளுக்கு விளங்கவே இல்லை. “அவனுக்கு ஜுரம் வந்தப்போ நான்தானே வேண்டிண்டேன்? இதையும் அவனுக்காக நானே எடுத்துக்கறேனே!”

மெர்சி வீட்டில்

நிச்சயம் பேச விக்ரோலிக்காரர்கள் வந்தார்கள். அறை போதாமல் பாதிப் பேர் சந்தில் நின்றார்கள். பாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடுமுன் மெர்சி பரிசோதனைப் பேச்சை எடுத்தாள். டேனியலின் அம்மா மகனின் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்: “சபையில கட்டுன நாடா இருக்கும்போது ஊசி எதுக்கு? எம்புள்ளைய சந்தேகப்படுதியா?” பாஸ்டர் என்னைப் பார்த்தார். இரண்டு பாஷை படித்த நான் மெர்சியைப் பார்த்தேன்.

“அத்தை, அதக் கட்டிவிட்டதே நாந்தான்” என்றாள் மெர்சி. அவள் அம்மா பின்னாலிருந்து தாவணி முனையை இழுத்தபடியே இருந்தாள். “இனிமே இப்படி இருப்பேன்னுதான் சத்தியம். இதுவரைக்கும் உள்ளத நாடா எப்படிச் சொல்லும்? எய்ட்ஸ் பழைய ஊசியிலயும் வரும், ரத்தம் ஏத்துனா வரும். எனக்கும் இருக்கலாம். நானும் சேந்துதான் குடுக்கேன்.”

சந்தில் நின்றவர்கள்கூடத் தலையை உள்ளே நீட்டினார்கள். டேனியல் எழுந்து, சட்டையின் வலது கையை மடித்துவிட்டபடி செருப்பைத் தேடினான். “ஜெபத்த வந்து வச்சுக்கிடலாம் பாஸ்டர். அம்மா, நாடா இடது கையில, ஊசிக்கு வலது கை சும்மாத்தான கெடக்கு.”

கல்யாணம் அடுத்த மாதம். எத்தனையோ கைகளுக்கு நாடா கட்ட ஆள் சேர்த்த எனக்கு, அது எதற்கு என்று புரியவைத்தது என்னவோ நாடா கட்டாத கைதான்.